புதன்கிழமைப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள்

அமெரிக்கக் காமிக்ஸ் வாசகர்களுக்குப் புதன்கிழமைதான் வாரச் சந்தை. புதிய இதழ்கள் அன்றுதான் கடைக்கு வரும். 2020இல் டிசி நிறுவனம் செவ்வாய்க்கு மாறிப் பார்த்தது; 2024இல் புதனுக்கே திரும்பிவிட்டது. இதழ்கள் வந்த சூட்டோடு ரசிகர்களின் பட்டியல்களும் வந்துவிடும்: இந்த வாரம் மனம் கவர்ந்த ஐந்து இதழ்கள், தவறவிடக் கூடாத மூன்று இதழ்கள், ஏமாற்றமளித்த ஓர் இதழ். நாங்கள் இப்பட்டியல்களை விரும்பி வாசிப்பவர்கள். அவற்றின் உற்சாகம் எங்களுக்குப் பிடித்தமானது. ஆயினும் ஒரு குறையை இனியும் நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டிருக்க இயலவில்லை. பட்டியலில் பேட்மேன் இருக்கிறார், ஸ்பைடர்மேன் இருக்கிறார், ஹல்க் இருக்கிறார். அந்த இதழை எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதையும் ஒரு குறையென்று பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு சிறுகதையைப் பாராட்டி எழுதும் ஒருவர் கதாநாயகனின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் குறிப்பிட்டுவிட்டு, ஆசிரியரின் பெயரை விட்டுவிட்டால் நாம் அதை விமர்சனம் என்று ஏற்போமா? காமிக்ஸ் என்று வந்தவுடன் அதே வாசகர்கள் அதே பிழையைக் கூச்சமின்றிச் செய்கிறார்கள். காமிக்ஸைக் கலை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என இலக்கியவாதிகளிடம் மல்லுக்கு நிற்பவர்களும் இவர்களே என்பதுதான் வேடிக்கை. கலைஞனின் பெயரைச் சொல்லாமல் கலைக்கு மட்டும் மரியாதை கேட்பது எவ்வகை நியாயம்?

இந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டு. அது பணத்தின் வரலாறும்கூட. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன் மீதான உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் வழக்குத் தொடுத்தபோது அவர்களுடைய பெயரே இதழ்களிலிருந்து நீக்கப்பட்டது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய ஓவியர்கள் முன்னின்று போராடிய பிறகு, 1975இல்தான் இருவருக்கும் ஓர் ஆண்டு ஊதியமும், உருவாக்கியவர்கள் என்ற வரியும் கிடைத்தன. அதற்குள் ஷஸ்டரின் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டிருந்தது.

பில் ஃபிங்கரின் கதை இதனினும் கொடிது. 1939இல் அறிமுகமான பேட்மேனின் முகமூடியும் மேலங்கியும் இன்று நாம் காணும் வடிவத்திற்கு வந்ததில் அவருடைய பங்கு பெரிது. புரூஸ் வேய்ன் என்ற பெயரும் காத்தம் என்ற நகரப் பெயரும் அவர் தந்தவை. ஒப்பந்தமோ பாப் கேன் என்ற ஒற்றைப் பெயரை மட்டுமே அறிந்திருந்தது. ஃபிங்கர் 1974இல் இறந்தார். அவருடைய பெயர் பேட்மேனோடு அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015இல். இடைப்பட்ட 41 ஆண்டுகளில் எத்தனை புதன்கிழமைகள், எத்தனை பட்டியல்கள்! நிறுவனம் மறைத்தது என்று குற்றம் சாட்டுவது எளிது. மறைத்ததைத் தேடிக் கேட்காத வாசகர்களும் அந்த மௌனத்தில் பங்காளிகள் அல்லவா?

அதெல்லாம் பழங்கதை, இன்று முகப்பிலேயே பெயர் அச்சிடுகிறார்களே என்பார்கள். ஆம், அச்சிடுகிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை. 2005இல் எட் புரூபேக்கரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும் கேப்டன் அமெரிக்கா இதழ்களில் விண்டர் சோல்ஜர் என்ற பாத்திரத்தை உருவாக்கினார்கள். 2014இல் அப்பெயரிலேயே திரைப்படம் வந்தது. அப்படத்தில் சிறு வேடத்தில் தலைகாட்டியதற்காகத் தமக்கு வந்த தொகை, அந்தப் பாத்திரத்தைப் படைத்ததற்காக வந்ததைவிட அதிகம் என்று புரூபேக்கர் 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். இது பழங்கதையா?

எங்களுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது ஒன்றுண்டு. சூப்பர்ஹீரோக்கள் நவீன யுகத்தின் புராணங்கள். புராணத்திற்கு ஆசிரியன் எதற்கு, நாயகன் நிலைக்கிறான், எழுதுபவர்கள் வந்து போகிறார்கள் என்பது அது. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புராணம் பொதுச்சொத்து. இராமனை எவரும் பாடலாம், கூத்தில் ஆடலாம், தெருச்சுவரில் வரையலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த நாயகர்களோ நிறுவனங்களின் வணிகச் சின்னங்கள். அவர்களை எவரேனும் அச்சிட்டு விற்கத் துணிந்தால் வழக்கறிஞரின் கடிதம் வரும். உரிமை என்று வரும்போது தனிச்சொத்து, படைத்தவனின் பெயர் என்று வரும்போது மட்டும் புராணம் என்றால், அந்தப் புராணம் யாருக்கு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எழுதுபவர்கள் வந்து போகிறார்கள் என்பதும் அரை உண்மையே. வாசகர்களின் நினைவில் தங்குவது நாயகனைவிட, அவனைக் குறிப்பிட்ட சிலர் கையாண்ட குறிப்பிட்ட காலம்தான். ஹாக்ஐ நெடுங்காலம் இரண்டாம் வரிசை நாயகன். 2012இல் மேட் ஃப்ராக்‌ஷன் எழுத, டேவிட் அஹா வரைய, மேட் ஹாலிங்ஸ்வொர்த் வண்ணமிட அத்தொடர் வேறொன்றாயிற்று. அதன் 11ஆம் இதழ் முழுவதும் ஒரு நாயின் பார்வையில் நகர்கிறது. மனிதர்களின் பேச்சு அதற்குத் துண்டு துண்டாகவே புரிகிறது. வாசனைகளும் நினைவுகளும் சிறு சின்னங்களாகப் பக்கத்தில் கிளைவிடுகின்றன. 2014இல் அவ்விதழுக்கு ஐஸ்னர் விருது கிடைத்தது. அதை ஹாக்ஐயின் சாதனை என்று எழுதினால் என்ன பொருள்? பக்கத்தை அப்படிப் பிரித்த கை ஹாக்ஐயுடையதா?

நாங்கள் பிறரை மட்டும் குறை சொல்லவில்லை. தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக வந்த இரும்புக்கை மாயாவியை நாங்கள் கொண்டாடிய அளவுக்கு வேறு எவரையும் கொண்டாடியதில்லை. அந்த இருளையும் ஒளியையும் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்பது எங்களில் பலருக்கு நடுவயதில்தான் தெரியவந்தது. மூலத்தை வெளியிட்ட பிரிட்டிஷ் வார இதழ்களிலேயே படைப்பாளியின் பெயரைப் போடும் வழக்கம் அன்று இல்லை. ஒரு மனிதரின் கோடுகளை இத்தனை காலம் நேசித்துவிட்டு அவர் பெயரை அறியாதிருந்தோம் என்ற வெட்கம் எங்களுக்கு உண்டு. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்தும் பிறந்ததே.

பட்டியல் எழுதுவோர் தம் சொல்லின் எடையை அறிய வேண்டும். அமெரிக்கக் காமிக்ஸ் கடைக்காரர் பெரும்பாலும் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி, திருப்பிக் கொடுக்கும் வசதியின்றியே இதழ்களை வாங்குகிறார். வாசகர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை வைத்தே அவர் கணக்கிடுகிறார். நாயகனின் பெயரை மட்டும் கேட்டால், யார் எழுதினாலும் விற்கும் என்ற பாடத்தைத்தான் நிறுவனம் கற்கும். படைப்பாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். 1992இல் டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ உள்ளிட்ட ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியேறி இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவர்களை நம்பி வாசகர்கள் பின்தொடர்ந்தது அவர்களுடைய பெயர்களுக்காகத்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. அடுத்த புதன்கிழமை பட்டியல் எழுதும்போது ஒவ்வோர் இதழின் பெயருக்குப் பக்கத்திலும் எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், வண்ணமிட்டவர், வசன எழுத்துகளைப் பதித்தவர் என அனைவரின் பெயரையும் குறிப்பிடுங்கள். ஐந்து இதழ்களுக்கு ஐந்து வரிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். பிடித்த படைப்பாளி ஒரு தொடரை விட்டு வேறிடம் போனால் நீங்களும் அவரோடு போங்கள். பேட்மேனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருக்கிறது. ஃபிங்கருக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.