காசு குடுத்தவனுக்கு வெறுங்குழியைக் காட்டலாமா?

சனல் 4 எண்டா எங்கட சனத்துக்கு 2011இல் வந்த அந்த ஆவணப்படம்தான் உடனே ஞாபகம் வரும். பிரித்தானியாவில் அதே சனலைப் பற்றிக் கொஞ்சம் வயது போன ஆக்களிடம் கேட்டால் வேறொன்றைச் சொல்லுவினம்: ஞாயிறு பின்னேரங்களில் சேத்துக்குள்ள முழங்காலில் இருந்து மண் சுரண்டுகிற ஒரு கூட்டம். 'டைம் டீம்'. 1994 தை மாதம் தொடங்கி ஏறத்தாழ இருபது வருசம் ஓடிய அகழ்வாய்வுத் தொடர். 2012இல் சனல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து வருசம் கழித்து, 2022 பங்குனியில், அதே தொடர் யூடியூப்பில் திரும்பி வந்தது. இந்தமுறை செலவைப் பொறுத்தவர்கள் ரசிகர்கள். பேட்ரியன் தளத்தில் மாதாமாதம் சின்னத் தொகை கட்டுகிற சாதாரண சனம்.

எங்கட பச்சில நாலைஞ்சு பேர் சேர்ந்து பழையதும் புதியதுமாக இதை இரவிரவாகப் பார்த்தோம். தொல்லியலை ஒரு பாடமாக எடுத்தவர்களும் இருக்கிறோம், அந்தப் பக்கமே போகாதவர்களும் இருக்கிறோம். பார்த்து முடிய வழமையான கதை வந்தது: "நாங்களும் இப்பிடி ஒண்டு செய்யலாம், வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் காசு தருவினம்." தருவினம்தான். கோயில் கோபுரத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் தருகிற சனம் இதுக்குத் தராமல் விடாது. எங்களுக்கு யோசனை வேறு இடத்தில். காசு தந்த ஒருவருக்கு, "மூண்டு நாள் தோண்டினோம், ஒண்டும் வரேல்ல" எண்டு சொல்லி ஒரு காணொளி அனுப்ப எங்களால் ஏலுமா?

டைம் டீம் அதைத்தான் செய்தது. அதன் வடிவம் சின்னது: ஒரு இடம், ஒரு கேள்வி, மூன்று நாள். முதலில் புவிபௌதிக அளவீட்டுக்காரர் கருவியோடு வயலைக் கோடு கோடாக நடந்து அளப்பார்கள். எரிந்த மண்ணும், காலப்போக்கில் நிரம்பிப்போன பழைய அகழியும் சுற்றியிருக்கிற மண்ணிலிருந்து வேறுபட்ட காந்த அளவைக் காட்டும். புதைந்த கற்சுவர் மின்சாரத்தை இலேசில் விடாது. அந்த வரைபடத்தைப் பார்த்து எங்கே குழி வெட்டுவது என்று தீர்மானிப்பார்கள். பிறகு சண்டைதான். கோடு போட்ட கம்பளிச் சட்டையோடு பேராசிரியர் மிக் ஆஸ்டன் ஒன்று சொல்லுவார், கிழிஞ்ச தொப்பியோடு ஃபில் ஹார்டிங் இன்னொன்று சொல்லுவார் (அவர் கதைக்கிற ஆங்கிலம் விளங்க எங்களுக்கு சப்டைட்டில் தேவைப்பட்டது). நடுவில் நடிகர் டோனி ரொபின்சன் ஓடி ஓடி, நாங்கள் கேட்க நினைக்கிற மொட்டைக் கேள்விகளைக் கேட்பார். 1956 எழுச்சியோடு ஹங்கேரியை விட்டு வந்த ஓவியர் விக்டர் அம்ப்ரஸ் ஓரமாக இருந்து, அந்த இடம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கீறிக்கொண்டிருப்பார்.

முதலாவது நிகழ்ச்சி சொமர்செட்டில் உள்ள அதெல்னியில். அல்பிரட் அரசன் மடாலயம் கட்டிய இடம். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாதலால் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. அளவீட்டுக் கருவியால் மட்டும் மண்ணுக்குள் இருந்த கட்டடங்களின் தடத்தை எடுத்தார்கள். ஒரு அகழ்வாய்வுத் தொடரின் முதல் நிகழ்ச்சியிலேயே மடாலயத்தில் மண்வெட்டி படவில்லை. இண்டைக்கு ஒரு யூடியூபரிடம் இந்தக் கதைக்கருவைச் சொல்லிப் பாருங்கள், என்ன சொல்லுவார் எண்டு.

எங்களுக்குப் பிடித்தது இன்னொன்று. 2001இல் ஒளிபரப்பான லிகாட்வி நிகழ்ச்சி. வேல்சில் ஒரு தோட்டம், அதுக்குள் ஒரு நீரூற்று. பண்டைய கெல்டிக் மக்கள் காணிக்கை போட்ட புனித ஊற்றோ என்ற கேள்வியோடு போகிறார்கள். பொருட்கள் வரத் தொடங்குகின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று காலம் பொருந்தாத பொருட்கள். கிடந்த விதமும் சரியில்லை. ஆய்வாளர்களின் முகம் மாறுவதைக் கமெரா அப்படியே காட்டுகிறது. கடைசியில், இவை அண்மைக்காலத்தில் யாரோ கொண்டுவந்து போட்டவை என்று முடிவெடுத்து, அதை மறைக்காமல் முழு நாட்டுக்கும் சொன்னார்கள். ஒரு நிகழ்ச்சிக்குரிய செலவு முழுக்கப் போய்விட்டதே என்று யோசித்திருந்தால் அந்தப் பகுதி வெளியே வந்திருக்காது. எங்களைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் மிகச்சிறந்த நிகழ்ச்சி அதுதான்.

பிறகு சனல் தன் வேலையைக் காட்டியது. கடைசிக் காலத்தில் ஆட்களை மாற்றினார்கள், புதிய முகத்தை அறிவிப்பாளராகச் சேர்த்தார்கள். நிகழ்ச்சியில் தொல்லியல் குறைகிறது என்று வெளிப்படையாகச் சொல்லி 2012இல் மிக் ஆஸ்டன் விலகினார். அடுத்த வருசம் இறந்தும் போனார். காசு போடுகிறவன் கையில்தான் கதை இருக்கும் என்பதற்கு இதை விட வேறு உதாரணம் வேண்டாம்.

அப்படியென்றால் ரசிகர்களின் காசு அந்தப் பிடியிலிருந்து விடுதலையா? ஓரளவுக்கு ஓம். தொடரை உருவாக்கிய டிம் டெய்லரே மறுபடி தொடக்கினார். 2021 செப்டெம்பரில் இரண்டு இடங்களில் தோண்டினார்கள்: கோர்ன்வோலில் உள்ள போடன் என்ற இரும்புக்கால நிலக்கீழ்ப் பாதை, ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் புரோட்டன் என்ற இடத்தில் ஒரு ரோமானிய மாளிகை. முன்பு மூன்று நாள் வேலையை விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குள் அடைக்கவேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தனிக் காணொளி. மண்படையின் நிறம் மாறுவதைப் பற்றி இரண்டு பேர் பொறுமையாகக் கதைத்துக்கொண்டிருப்பதை வெட்டாமல் விடலாம். அதைப் பார்க்கத்தானே காசு கட்டினவன் கட்டினான்.

இந்த ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த ரசிகர்கள் புதையலுக்குக் காசு கட்டவில்லை. இருபது வருசமாக வெறுங்குழிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். "இல்லை" என்பதும் ஒரு பதில்தான் என்று ஞாயிறு ஞாயிறாகக் கற்றுக்கொண்டவர்கள். அந்தப் பழக்கத்தை முதலில் செய்துவைத்தது ஒரு தொலைக்காட்சியின் காசு என்பதையும் மறக்கக்கூடாது. ரசிகர்கள் வானத்திலிருந்து விழவில்லை.

எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. இருக்கவும் எங்களை விடவில்லை. வடக்குக் கிழக்கில் ஒரு காணிக்குள் தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல் வந்தால், வீட்டுக்காரருக்கு வருவது ஆர்வமில்லை, பயம். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, பாதுகாப்புச் செயலாளர் தலைவராக இருந்தார்; நியமிக்கப்பட்டவர்களில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. 2021 தையில் குருந்தூர்மலை அகழ்வு தொடங்கியபோது அமைச்சரும் பிக்குமாரும் படையினரும் நின்றார்கள். பதில் முதலே எழுதப்பட்ட அகழ்வு எப்படி இருக்கும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதனால்தான் எங்கட ஆக்களும் மண்ணைப் பார்த்தால் ஆதாரம் கேட்கிறார்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் ஒரு ஈமப் புதைகுழியைத் தோண்டியபோது ஒரு முத்திரை கிடைத்தது. மேலே குறியீடுகள், கீழே மூன்று பிராமி எழுத்துக்கள். அதை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றைக்கும் ஒத்த கருத்தில்லை. ஆனால் முகநூலில் அந்தப் பிரச்சினை எப்பவோ தீர்ந்துவிட்டது! அந்த முத்திரையைப் படமாகப் போட்டுச் சண்டைபிடிக்கிற ஆக்களில் எத்தனை பேருக்கு அதோடு வந்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டத்தைப் பற்றி அக்கறை? புதைக்கப்பட்டவர் என்ன சாப்பிட்டார், எத்தனை வயதில் செத்தார் என்று கேட்க ஆளில்லை. இப்படிப்பட்ட ரசிகர்களின் காசில் ஒரு தொடர் எடுத்தால், இரண்டாவது பகுதியிலேயே "எங்கட அரசன்ர பேர் வந்துதோ?" எண்டு கேட்பினம். மூன்றாவது பகுதியில் லிகாட்வி மாதிரி ஒரு ஊற்று எங்களுக்கும் வாய்த்தால், அதைப் பொய்யென்று சொல்லுகிறவனைத் துரோகி என்பார்கள். இது சும்மா பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த ஆய்வாளர் எங்களோடு படிக்கிற ஒருத்தராக இருக்கலாம்.

இன்னொரு விசயம், எங்களில் ஒருவர் சொல்லும்வரை மற்றவர்களுக்குத் தெரியாது: இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட இடமாக இல்லாவிட்டால் காணிக்காரரின் சம்மதத்தோடு தோண்டலாம். இங்கே 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணியில் என்றாலும் தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். 2003இல் டைம் டீம் பார்வையாளர்களை வைத்து ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் அளவில் நாடு முழுக்கச் சோதனைக் குழிகள் வெட்டுவித்தது. அதை வலிகாமத்தில் செய்யப்போனால் பொலிஸ் வரும். சரி, வரட்டும் எண்டு சொல்லுகிற ஆக்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பதிவில்லாமல் தோண்டினால் குழி மட்டும்தான் மிஞ்சும்.

ஆனால் தோண்டுவது இந்த வேலையில் சின்னப் பங்கு. டைம் டீம் 2024இல் சட்டன் ஹூவில், 1939இல் கப்பல் புதையல் கிடைத்த அதே ஊரில், நேஷனல் டிரஸ்டோடு சேர்ந்து தோண்டியது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பைசாந்திய வாளியின் துண்டுகள் அங்கே 1986இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தன; இந்தமுறை அடிப்பாகம் மண்கட்டியோடு வந்தது. அதை அப்படியே தூக்கி, ஆய்வுகூடத்தில் ஊடுகதிர் பிடித்து, மெல்ல மெல்லப் பிரித்தார்கள். உள்ளே எரித்த மனித எலும்பும் விலங்கு எலும்பும் ஒரு சீப்பும். அந்தச் செய்தி வெளியே வந்தது 2025 மே மாதம். மண்ணிலிருந்து எடுத்துக் கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆகியிருந்தது.

அந்த ஒரு வருசத்துக்கு எங்கட சனத்திடம் காசு கேட்டால் என்ன? அதற்கு அகழ்வு அனுமதிப்பத்திரம் வேண்டாம், பொருளை வைத்திருக்கிற நிறுவனத்தின் சம்மதம் வேணும். ஏற்கெனவே தோண்டி எடுத்த ஓட்டுத் துண்டுகளைக் கழுவி, இலக்கமிட்டு, கீறி, கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பி, அறிக்கையை மூன்று மொழியிலும் வெளியிடுகிற வேலை. கந்தரோடையில் 1917இல் போல் பீரிஸ் தோண்டினார், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக் குழு தோண்டியது. இதையெல்லாம் தமிழில், ஆறுதலாக, சண்டை பிடிக்காமல் சொல்லுகிற பத்துக் காணொளிகள் எடுக்க ஒரு கமெராவும் ஒரு ஓவியரும் காணும். கட்டுகிற காசுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, "முடிவு எதுவாயிருந்தாலும் வெளியிடப்படும்" என்று பற்றுச்சீட்டிலேயே அடித்துக் கொடுக்கவேணும்.

இதை வாசித்துவிட்டு எத்தனை பேர் கட்டுவினம் எண்டு எங்களுக்குள் பந்தயம் பிடித்திருக்கிறோம். ஒருத்தர் நூறு என்கிறார். மற்றவர் ஏழு என்கிறார், அதிலயும் நாலு பேர் நாங்கள்தானாம்.