சாளக்கிராமத்தின் சாதி என்ன?

சாளக்கிராமம் என்பது கண்டகி ஆற்றில் கிடைக்கும் ஒரு கறுப்புக் கல். அதில் ஒரு சுருள் தெரியும். அது மகாவிஷ்ணுவின் சக்கரமாம். வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து அதை வரைந்ததாம். சூத்திரரும் பெண்களும் அதைத் தொடலாகாது என்று எழுதி வைத்தவர்களும் உண்டு. தொட்டுப் பார்த்தால்தானே இது என்னவென்று கேட்கத் தோன்றும்!

தோழர்களே! அது ஒரு கடல் பிராணியின் ஓடு. பெயர் அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்துப் பங்காளி. வளர வளர ஓட்டை நீட்டி, பின்புறத்தைச் சுவர் வைத்து அடைத்து, கடைசி அறையில் மட்டும் குடியிருந்த பிராணி. செத்தபின் ஓடு சேற்றில் புதைந்து சேற்றோடு கல்லாயிற்று. அந்த இனமே பூண்டற்றுப் போய் சுமார் 6.6 கோடி வருஷங்களாகின்றன. கடல் ஓடு இமயமலைக்கு எப்படிப் போயிற்று என்பீர்கள். இந்தியத் தரை வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியதில், இடையில் கிடந்த கடலடி மடிந்து மலையாக எழுந்தது. விஷ்ணு தூக்கி வைக்கவில்லை.

இத்தகைய ஓடுகளை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838இல் மொராவியாவில் ஒரு காட்டுக் காவலரின் மகனாகப் பிறந்தார். வியன்னாவில் படித்து, 1862இல் கல்கத்தாவிலிருந்த புவியியல் ஆய்வு இலாகாவுக்கு வந்தார். வெள்ளைக்காரன் அந்த இலாகாவை வைத்தது நிலக்கரி தேடத்தான், அதை மறைப்பானேன்? ஆனால் இவர் தேடியது வேறு. 1864இலும் 1865இலும் ஸ்பிதி மலைகளில் ஏறி, எந்த அடுக்கில் எந்த ஓடு இருக்கிறதென்று குறித்தார். சாளக்கிராமத்து இனமான அம்மோனைட்டுகள் நிறைந்த கறுப்புக் களிப்பாறைகளும் அங்கே உண்டு.

அவருடைய பெரிய வேலையோ நம்மூர்ச் சரக்கு. அந்நாளில் திருச்சி ஜில்லாவிலிருந்த அரியலூர், ஊட்டத்தூர் பக்கங்களில் பிளான்போர்டு முதலானோர் திரட்டிய கல் ஓடுகள் கல்கத்தாவில் குவிந்து கிடந்தன. சிப்பி, நத்தை, பவளம், கடல் முள்ளெலி, அம்மோனைட் என்று இனம் பிரித்து, அளந்து, விவரம் எழுதி, 1873க்குள் பெரும் புத்தகங்களாக வெளியிட்டார். அரியலூர் ஒருகாலத்தில் கடலாயிருந்தது என்பதற்குச் சாட்சி இந்த ஓடுகளே. எந்த ஸ்தல புராணத்திலும் இது கிடையாது.

1874இல் யார்க்கண்ட் போய்த் திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைத் தாண்டியபின், உயரமலை நோயால் ஜூன் 19ஆம் தேதி லடாக்கில் இறந்தார். வயது 36தான்.

அவர் விவரித்து வைத்த அதே அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லை இன்று வெட்டிச் சிமெண்டுச் சூளையில் போடுகிறார்கள். அம்மோனைட்டும் அதில் சேர்ந்து வேகிறது. கண்டகியில் கிடந்தால் அதற்குப் பாலாபிஷேகம், அரியலூரில் கிடந்தால் சூளை! இரண்டும் ஒரே இனத்து ஓடாயிருக்க, ஒன்றில் மட்டும் பகவான் புகுந்தது எப்படி என்று அர்ச்சகரைக் கேட்டுப் பாருங்கள்.