கருஞ்சீரகக் குப்பியும் ஆய்வுக்கூட எலியும்: ஓர் அமானிதக் கேள்வி

 

சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய பேட்டரிகளை உருக்கிக் காரீயம் எடுக்கும் உலையொன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் மத்ரஸாவுக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவர் என்னிடம் ஓதுகின்றனர். வயிற்றை முறுக்கி இழுக்கும் வலி, மலச்சிக்கல், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, வெளிறிய முகம். "ஹஜ்ரத், உங்கள் பயானைக் கேட்டுத்தான் மூன்று மாதமாகக் கருஞ்சீரக எண்ணெய் குடித்து வருகிறேன். வலி குறையவே இல்லை. என் ஈமானில் ஏதும் குறையோ?" என்று கேட்டார்.

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அவரை வற்புறுத்தி மருத்துவரிடம் அனுப்பினோம். இரத்தப் பரிசோதனையில் காரீயம் மிகுந்திருப்பது தெரியவந்தது. மூன்று மாதங்கள் வீணாகிவிட்டன. அதில் என் நாவுக்கும் பங்குண்டு. ஆகவே இக்கட்டுரையில் பிறரைச் சாடுவதற்கு முன் என்னையே சாடிக்கொள்கிறேன்.

அவர் வைத்திருந்த குப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒருபுறம் கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸ். மறுபுறம் 'ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் போக்குவது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகம். இத்தகைய குப்பிகள் ஜும்ஆ முடிந்து வெளியே வருவோரிடம் விற்கப்படுகின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் அவற்றுக்கு ஆலிம்களின் பரிந்துரையும் சேர்ந்து வருகிறது. அந்த 'நிரூபணம்' எங்கிருந்து வந்தது என்று நம்மில் யாரேனும் கேட்டோமா?

பெரும்பாலும் அது எலிகளிடமிருந்து வந்தது. உடலில் உணவு எரிந்து ஆற்றலாகும்போது, பிற மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைக்கும் சில துகள்கள் உண்டாகின்றன. அவற்றை அடக்குவதற்குக் குளுட்டாதயோன் போன்ற பொருள்களை அல்லாஹ் நம் உடலிலேயே அமைத்திருக்கிறான். தாக்கும் பக்கம் மிகுந்து காக்கும் பக்கம் குன்றும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். காரீயம் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குத் தேவையான ஒரு நொதியை முடக்கி இந்நிலையை உண்டாக்குகிறது என்பது உறுதியான அறிவியல். ஆய்வாளர்கள் எலிகளின் குடிநீரில் காரீய உப்பைக் கலக்கின்றனர். ஒரு பிரிவு எலிகளுக்கு அத்துடன் கருஞ்சீரகமோ முருங்கையிலைச் சாறோ கொடுக்கின்றனர். சில வாரங்களில் அவற்றைக் கொன்று ஈரலை அரைத்துக் குளுட்டாதயோன் எவ்வளவு, கொழுப்புச் சிதைவால் உண்டாகும் பொருள் எவ்வளவு என்று அளக்கின்றனர். சாறு குடித்த எலிகளின் அளவுகள் சற்று மேம்பட்டிருந்தால் கட்டுரை வெளியாகிறது.

இவ்வாய்வுகள் பொய் என்று நான் கூறவில்லை. தைமோகுயினோன் என்ற பொருள் கருஞ்சீரகத்தில் இருப்பதும், அது ஆய்வுக்கூடத்தில் இத்தகைய விளைவுகளைக் காட்டுவதும் உண்மையே. ஆனால் அவை ஒரு கேள்வியின் தொடக்கமே. தொடக்கத்தை முடிவாக்கி விற்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

முதலாவது, பல ஆய்வுகளில் நஞ்சும் சாறும் ஒரே காலத்தில் தரப்படுகின்றன. சிலவற்றில் சாறு முன்னரே தொடங்கப்படுகிறது. நம் சகோதரரோ பத்தாண்டுகளாகக் காரீயப் புகையைச் சுவாசித்தவர். இரத்தத்திலுள்ள காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையக்கூடும். எலும்பில் படிந்ததோ பல ஆண்டுகள் தங்கி, சிறிது சிறிதாக மீண்டும் இரத்தத்தில் கலக்கும். நான்கு வார எலியின் கதை இவருக்கு எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது, எலியின் உடல் வேறு, நம் உடல் வேறு. எலி தன் ஈரலிலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்கிறது. மனிதனால் அது இயலாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களில் முதன்மையான ஒன்றிலேயே இவ்வளவு வேறுபாடு! அளவும் அப்படியே. எலிக்குக் கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், உடற்பரப்பைக் கணக்கிட்டு மனித அளவுக்கு மாற்றும்போது கிலோவுக்கு 65 மில்லிகிராம் அளவில் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் சாறு. குப்பியின் மீது எழுதியுள்ள 'ஒரு தேக்கரண்டி' எந்தக் கணக்கில் வந்தது?

மூன்றாவது, அளவுகள் மேம்பட்டால் மனிதன் பிழைப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை. இதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதாக மெச்சப்பட்ட பொருளே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டனர். அதை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரும் கல்நார் தொழிலாளரும் அடங்கிய 18,314 பேரிடம் நடந்த ஆய்விலும் அந்நோய் 28 விழுக்காடு கூடியதால், 1996-இல் மருந்தை இடையிலேயே நிறுத்தினர். இவ்வாய்வில் பாதிப்புற்றோரில் ஆலைத் தொழிலாளரும் இருந்தனர் என்பதைக் கும்மிடிப்பூண்டி வாசிகளாகிய நாம் கவனிக்க வேண்டும்.

"மனிதர்களிடமும் கருஞ்சீரகம் சோதிக்கப்பட்டிருக்கிறதே" என்பர் சிலர். ஆம், சிறிய ஆய்வுகள் சிலவற்றில் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஓரளவு குறைந்துள்ளன. அதைக் காட்டி இன்சுலினை நிறுத்தலாம் என்றோ, உடலில் ஏறிய காரீயம் இறங்கிவிடும் என்றோ கூற எவருக்கும் உரிமையில்லை.

இனி, மார்க்கத்தின் பக்கம் வருவோம். "ஹஜ்ரத், ஹதீஸையே மறுக்கிறீர்களா?" என்று கேட்கப்படும். அல்லாஹ் காப்பானாக! மரணத்தைத் தவிர மற்றெல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் புகாரியில் உள்ளது, அதை நம்புகிறேன். ஆனால் நம் முன்னோர்களான இமாம்கள் அதை எவ்வாறு விளங்கினார்கள்? 'எல்லா நோய்' என்ற பொதுச்சொல்லால் குறிப்பிட்ட வகை நோய்களே கருதப்படுகின்றன என்று இமாம் கத்தாபீ விளக்கியதை இப்னு ஹஜர் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தெழுதுகிறார். ஆது சமுதாயத்தின் மீது வீசிய காற்று எல்லாவற்றையும் அழித்ததாகக் கூறும் அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 25-ஆம் வசனமே, அவர்களின் வீடுகள் எஞ்சியிருந்ததையும் கூறுகிறது. இமாம் இப்னுல் கையிம் அவ்வசனத்தை இதற்கு எடுத்துக்காட்டுகிறார். புகாரியின் ஓர் அறிவிப்பில், நோயுற்றிருந்த ஒருவருக்கு ஐந்து அல்லது ஏழு விதைகளை அரைத்து எண்ணெயில் கலந்து மூக்கில் சொட்டுச் சொட்டாக விடும்படி கூறப்படுகிறது. நோயாளி, அளவு, முறை ஆகிய மூன்றும் அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன. குப்பி வியாபாரியிடம் இம்மூன்றில் எது உள்ளது?

ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து வைத்தியரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதில் காண்கிறோம். மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்தால் விளைவுக்கு அவனே பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸும் அதே நூலில் உள்ளது. ஆலிம்களே, அந்தப் பொறுப்பு நம் மீதும் வரும். மிம்பரில் நின்று நாம் கூறும் சொல்லை மக்கள் மருந்துச்சீட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

எலியாய்வைக் காட்டி ஹதீஸை 'நிரூபிப்பது' ஹதீஸுக்குச் செய்யும் கண்ணியமுமல்ல. நாளை வேறோர் ஆய்வு எதிராக வந்தால் நம் பிள்ளைகள் எதைச் சந்தேகிப்பார்கள்? வியாபாரியின் அவசரத்துக்கு நபியின் வார்த்தையையா பிணை வைப்பது? தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து வைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மேலே ஹதீஸை ஒட்டி, உள்ளே உறுதியில்லாததை வைப்பது அதைவிட எளிதான குற்றமா? நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமும் தடுத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது இதுதான்: குப்பி நம் கண்ணை உலையிலிருந்து திருப்பிவிடுகிறது. காரீய நச்சுக்கு முதல் சிகிச்சை, காரீயம் உடலுக்குள் நுழைவதை நிறுத்துவது. முகக்கவசம், புகை உறிஞ்சும் கருவி, கைகழுவிய பின் உணவு, ஆலையிலேயே குளித்து உடைமாற்றல் ஆகியவை தொழிலாளியின் உரிமைகள். தொழிற்சாலைகள் சட்டம் 1948-இலேயே காரீய நச்சை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் அது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டுள்ளது. உரிமையைக் கேட்க வேண்டியவர் மாதந்தோறும் தன் கூலியில் எண்ணெய் வாங்கிக் குடித்துவிட்டு, குணமாகாததற்குத் தன் ஈமானைக் குறை கூறிக்கொண்டிருந்தார்!

சகோதரிகளே, உலை வேலைக்குச் செல்லும் கணவரின் உடையைப் பிள்ளைகளின் உடையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அத்தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யுங்கள். காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உள்ளன. அவை யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் வாசலில் மருந்து விற்போரை நோய்களின் பெயரைக் கூறி விற்க அனுமதிக்காதீர்கள். அதற்குப் பகரமாக, ஆண்டுக்கொருமுறை உலைத் தொழிலாளருக்கு இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். பைத்துல்மாலிலிருந்து அதற்குச் செலவிடுவது தகும்.

அந்தச் சகோதரர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கருஞ்சீரகத்தை உணவில் சேர்த்துக்கொள்கிறார், நானும் சேர்த்துக்கொள்கிறேன். அன்று அவருக்குச் சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்: குறை உங்கள் ஈமானில் இல்லை, சகோதரரே. அறியாததை அறிந்தது போல் கூறிய என் நாவில் இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! நம் அனைவரையும் அறிவில்லாத பேச்சிலிருந்தும், ஏமாற்றும் வியாபாரத்திலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.