வயதின் வலி அல்ல, வேலையின் காயம்!

தாராவித் தோல் பட்டறையில் காலையில் குனியும் முதுகு, இரவில்தான் நிமிருகிறது. நாளெல்லாம் அதே கத்தி, அதே அசைவு. மணிக்கட்டு மரத்துப் போகிறது. இடுப்பு பிடித்துக் கொள்கிறது. தொழிலாளி தைலம் தடவிக்கொண்டு, "வயசாச்சு" என்கிறார். வயதோ 35!

ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்தால் தசைநார் வீங்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் தசை, மூட்டு நோய்கள் உண்டு. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்ட அட்டவணையில் 29 நோய்கள் இடம் பெற்றன, இவற்றுக்கு இடமில்லை.

மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் 'தொழிற்சாலை' என்றது அச்சட்டம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ அதை 20 ஆக்கிவிட்டது. ஐந்தாறு பேர் பட்டறையில் கேள்வி கேட்பார் யார்?

சரியான உயரத்தில் ஒரு பலகையும், மணிக்கொரு முறை ஐந்து நிமிட ஓய்வும் கொடுத்தால் முதலாளி நொடித்துப் போகமாட்டார். தொழிலாளியும் வலி தொடங்கியதுமே டாக்டரிடம் போக வேண்டும். செய்யும் வேலையைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். ஏட்டில் ஏறாத வலிக்கு நியாயம் கிடைக்காது.