ஓரத்திலிருந்து தொடங்கினால் என்ன?



களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவரின் உத்தியோகத்தின் பொருட்டு மருதமுனையை விட்டு அங்கே குடியிருக்கிறாராம். மகளுக்குப் பதின்மூன்று வயது. அடுத்த வீட்டுத் தமிழ்ப் பிள்ளையிடம் சதுரங்கம் பழகி, இப்போது பாடசாலைக் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். கடிதத்தின் சாரம் இதுதான்:

"ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காலாளைத் தள்ளித்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று அவளுடைய காக்கா சொல்கிறார். இவளோ ஓரத்துக் காலாளையும் குதிரையையும் எடுத்துத் தொடங்குகிறாள். 'பயந்த ஆட்டம், பொம்புளைப் புள்ளைட ஆட்டம்' என்று வீட்டில் சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா என்று அவளும் யோசிக்கிறாள். இப்படித் தொடங்குவது பிழையா? இந்த விளையாட்டே நமக்கு ஆகுமா?"

கேள்வி இரண்டு. பின்னதை முதலில் பார்ப்போம்.

ஆகுமா, ஆகாதா?

சதுரங்கத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹராம் என்று சொன்னவர்கள் பலர். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹராம் அல்ல, மக்ரூஹ் என்பதே பிரபலமான தீர்ப்பு. அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. பந்தயம் கூடாது, தொழுகை பிந்தக் கூடாது, ஏச்சும் பேச்சும் வரக் கூடாது. தாயக்கட்டை உருட்டும் நர்து ஆட்டத்தைப் போலன்றி, இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, யோசனைக்கே இடம் என்பது அனுமதித்தவர்கள் காட்டிய காரணம். தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகையைப் பார்க்காமல் திரும்பியிருந்தே ஆடுவார் என்ற செய்தியும் கிதாபுகளில் உண்டு.

ஆகவே, சகோதரியே, அஸர் தொழுத பின் ஒரு மணி நேரம், மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் பலகையை மூடிவிட வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வையுங்கள். மேலும் விளக்கம் தேவையென்றால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இனி முதற் கேள்வி.

ஓரத்தில் நின்று நடுவைப் பார்ப்பது

சதுரங்கப் பலகையின் நடுவில் உள்ள நான்கு கட்டங்களே ஆட்டத்தின் சந்தி. அங்கே யாருடைய கை ஓங்குகிறதோ, அவருடைய காய்கள் எந்தப் பக்கமும் விரைவாகப் போய்ச் சேரும். அதனால்தான் காக்கா நடுக் காலாளைத் தள்ளச் சொல்கிறார். அவர் சொல்வது பிழையல்ல. அது ஒரு வழி.

இன்னொரு வழி, அந்தக் கட்டங்களில் உடனே போய்க் குந்திக்கொள்ளாமல் தூர இருந்து அவற்றைக் குறி வைப்பது. வெள்ளைக் காயுடன் ஆடும் பிள்ளை மூன்று காரியம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணி பக்கத்து பிஷப்புக்கு முன்னால் உள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகிறாள். ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுக்கிறாள். அதே பக்கத்தில் குதிரைக்கு முன்னால் இருந்த காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடத்தில் பிஷப்பை வைக்கிறாள்.

இப்போது பாருங்கள். நடுக் கட்டம் நான்கும் வெறுமை. ஆனால் அந்தக் காலாள் குறி வைப்பது ஒரு நடுக் கட்டத்தை. குதிரை குறி வைப்பது இரண்டு நடுக் கட்டங்களை. பிஷப்போ, குதிரை விலகும் நேரம், மூலையிலிருந்து மூலைக்குப் பலகை முழுவதையும் குறுக்கே அறுத்துப் பார்க்கிறது. மூன்றும் ஓரத்தில் நிற்கின்றன. மூன்றின் கண்ணும் நடுவில்தான்.

மருதமுனையில் பிறந்த உங்களுக்குத் தறியைச் சொன்னால் சட்டென்று விளங்கும். நாடா நிற்பது புடைவையின் ஓரத்தில்தான். ஆனால் அது ஓடும்போது நடுவைக் கடக்காமல் போவதில்லையே!

இது நமக்குப் புதிதா?

'இதெல்லாம் புத்தகத்தில் இல்லாத ஆட்டம்' என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் சதுரங்கம் 'ஷத்ரஞ்ச்' என்ற பெயரில் செழித்திருந்தது. கலீஃபா முக்தஃபீ (ஆட்சி கி.பி. 902 - 908) முன்னிலையில் ஆடி வென்ற அஸ்ஸூலி என்ற அறிஞர் அதைப் பற்றி நூலே எழுதினார். அக்காலத்தில் காலாள் எப்போதும் ஒரே கட்டம்தான் நகரும். ஆகவே இரு தரப்பும் முதலில் தத்தம் படையை ஆறுதலாக அணிவகுப்பார்கள். ஒவ்வோர் அணிவகுப்புக்கும் ஒரு பெயர் இருந்தது. அவற்றில் புகழ்பெற்ற ஒன்று 'முஜன்னஹ்'. ஜனாஹ் என்றால் சிறகு. முஜன்னஹ் என்றால் சிறகுடையது, பக்கங்களைக் கொண்டது என்று பொருள். அஸ்ஸூலியின் மாணவர் அல்லஜ்லாஜ் இந்த அணிவகுப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இந்தியாவின் பழைய ஆட்டமுறையிலும் காலாளுக்கு ஒரு கட்டம்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளி, கொக்ரேன் என்ற பிரித்தானியருடன் பல ஆட்டங்கள் ஆடினார். கறுப்புக் காயுடன் பிஷப்பை ஓரத்தில் வைத்து நடுவைக் குறி பார்த்த அவருடைய பாணியிலிருந்தே 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் உலகச் சதுரங்கத்தில் நிலைத்தது.

நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஆட்டங்கள்

1924இல் நியூயோர்க்கில் ஒரு பெரும் போட்டி நடந்தது. அப்போதைய உலகச் சம்பியன் கியூபா நாட்டுக் கபபிளாங்கா. எட்டு ஆண்டுகளாக அவர் ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. அவரை எதிர்த்து ரிச்சர்ட் ரெட்டி என்பவர் முதலில் குதிரையை எடுத்தார். பிறகு ராணி பக்கத்து பிஷப்பின் காலாளை நகர்த்தினார். மூன்றாவதாக அதற்கு அடுத்த ஓரக் காலாளையும் இரண்டு கட்டம் தள்ளினார். அதுவரை நடுவை அவர் தொடவே இல்லை. முப்பத்தோராவது நகர்வில் கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சம்பியன் பட்டத்துக்கான போட்டி. சீனாவின் டிங் லிரெனும் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷும் சமபுள்ளிகளில் நின்றார்கள். பதினோராவது ஆட்டத்தில் குகேஷ் வைத்த முதல் மூன்று நகர்வுகளும் அன்று ரெட்டி வைத்த அதே மூன்று நகர்வுகள்! அந்த ஆட்டத்தை அவர் வென்றார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் டிங்கும் ஓரத்துக் காலாளில்தான் தொடங்கி வென்றார். பதினான்காவதும் கடைசியுமான ஆட்டத்தை டிங் குதிரையில் தொடங்கி, பிஷப்பை ஓரத்தில் வைத்து ஆடினார். ஆனால் முடிவில் ஒரு பிழை செய்து தோற்றார். குகேஷ் உலகச் சம்பியன் ஆனார்.

கவனியுங்கள். ஓரத்துத் தொடக்கம் ஒருவரைக் கரை சேர்த்தது. அதே தொடக்கம் இன்னொருவரைக் காப்பாற்றவில்லை. தொடக்கம் நல்ல இடத்தில் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது பிள்ளைதான்.

நன்மைகள் என்ன?

ஒன்று: மனப்பாடம் குறைவு. நடுக் காலாளில் தொடங்கும் ஆட்டங்களில் பலவற்றுக்கு இருபது நகர்வு வரை புத்தக வழி உண்டு. அதைப் படித்து வந்தவர், படிக்காதவரைத் தொடக்கத்திலேயே மடக்கிவிடலாம். ஓரத்துத் தொடக்கத்திலோ, கருத்து விளங்கினால் அரைப்பங்கு வேலை முடிந்தது. பயிற்சியாளரும் புத்தகமும் கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

இரண்டு: ராஜாவுக்குப் பாதுகாப்பு. குதிரையும் பிஷப்பும் சீக்கிரம் வெளியேறுவதால் நான்கைந்து நகர்வுக்குள் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துவிடலாம்.

மூன்று: எண்ணத்தை மறைத்து வைக்கலாம். எதிரி என்ன செய்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப நம் திட்டத்தை மாற்றலாம். விரும்பினால் பிறகு நடுக் காலாளையும் தள்ளலாம், வாசல் அடைபடுவதில்லை.

நான்கு: பொறுமை பழகும். காய்கள் சீக்கிரம் வெட்டுப்படாமல் பலகையில் நிறைந்திருப்பதால் நீண்ட யோசனைக்கு இடமுண்டு. 1987இல் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில், பட்டத்தைக் காக்க கஸ்பரோவ் கடைசி ஆட்டத்தை வென்றே ஆகவேண்டிய நிலை. அன்று அவர் பாய்ந்து தாக்கவில்லை. ஓரத்துக் காலாளில் தொடங்கி, மெல்ல மெல்ல நெருக்கி, கார்ப்போவை வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

எச்சரிக்கையும் வேண்டும்

ஓரத்தில் தொடங்குவது வேறு, ஓரத்திலேயே இருந்துவிடுவது வேறு. 1970இல் பெல்கிரேட் நகரில் டென்மார்க்கின் பெரு வீரர் லார்சன், ராணி பக்கத்துக் குதிரையின் காலாளை ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். நடுவைக் கவனிப்பதிலும் காய்களை வெளியே எடுப்பதிலும் பிந்திவிட்டார். ஸ்பாஸ்கி பாய்ந்து வந்து பதினேழே நகர்வில் ஆட்டத்தை முடித்தார்.

ஆகவே உங்கள் மகளிடம் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள். 'இந்தக் காய் நடுவில் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது?' பதில் இருந்தால் அது திட்டம். பதில் இல்லையென்றால் அதுதான் பயந்த ஆட்டம். எதிரி நடுவில் காலாள்களை நட்டுவிட்டால் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. தக்க தருணத்தில் அவற்றை உடைக்கவும் தெரிய வேண்டும்.

புதிதாகப் பழகும் சிறு பிள்ளைகள் முதலில் நடுக் காலாளிலேயே ஆடிப் பார்ப்பது நல்லது. நடுவின் அருமை தெரிந்த பிறகே அதைத் தூரத்திலிருந்து ஆள முடியும். பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டையும் ஆடட்டும். காக்காவுடன் ஓர் ஆட்டம் அவர் வழியில், ஓர் ஆட்டம் தன் வழியில். சிரிப்புக்குப் பதில் பலகையில் கிடைத்துவிடும்.

ஃபாத்திமாவை மறந்துவிடாதீர்கள்

முடிக்குமுன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாபைச் சேர்ந்த சர் உமர் ஹயாத் கான் என்ற பிரபு லண்டனுக்குப் போனபோது தம் வீட்டாருடன் சுல்தான் கானையும் அழைத்துப் போனார். காலாள் ஒரே கட்டம் நகரும் பழைய முறையில் ஆடப் பழகிய அந்த எளிய முஸ்லிம் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானியச் சம்பியன் ஆனார். கபபிளாங்காவையும் ஒருமுறை வென்றார். 2024இல்தான், அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.

அதே வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர் ஃபாத்திமா. 1933இல் பிரித்தானியப் பெண்கள் சம்பியன் போட்டியில் கலந்துகொண்டார். பதினோர் ஆட்டம். பத்தில் வெற்றி, ஒன்று சமநிலை, தோல்வியே இல்லை. இரண்டாம் இடத்தவரை விட மூன்று புள்ளி முன்னே நின்றார். அந்த ஆண்டின் இறுதியில் எசமானரின் குடும்பம் நாடு திரும்பியது. ஃபாத்திமாவும் திரும்பினார். அதற்குப் பிறகு பெரிய போட்டிகளில் அவர் பெயரைக் காண முடியவில்லை.

அவரிடம் திறமை இல்லாமல் போகவில்லை. தொடர்ந்து ஆடு என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

களுவாஞ்சிக்குடிச் சகோதரியே! உங்கள் மகளின் தொடக்கம் பிழையல்ல. தொழுகையும் படிப்பும் தவறாமல், அடுத்த வீட்டுத் தோழியின் நட்பும் குறையாமல் அவள் ஆடட்டும். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குச் சமையலறையில் வேலை வைக்காதீர்கள். இயன்றால் நீங்களும் பலகைக்கு மறுபக்கம் வந்து உட்காருங்கள். உம்மா எதிரே இருந்து ஆடும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வீட்டில் யாருக்கும் மனம் வராது.

வஸ்ஸலாம்.