பாதி உண்மையின் ஆபத்து

டெங்கு இரண்டாம் முறை வரும்போது உடலின் பிறபொருளெதிரியே நோயை மோசமாக்குகிறது, ஆகவே சிகிச்சையென்று அதையே ஊசியில் ஏற்றுவது தற்கொலை என்கிறார் நண்பர். பாதி உண்மை. தேற்றாத்தீவுக் கிராமத்தில் மாரி தொடங்கி நுளம்பு பெருகும் நேரத்தில் பாதி உண்மை ஆபத்தானது.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. முதல் தொற்றில் உண்டான பிறபொருளெதிரி, வேறு வகை வரும்போது அரைகுறையாக ஒட்டும், கொல்லாது. ஒட்டிய வைரசைப் பிறபொருளெதிரியின் வால்பகுதி நோயெதிர்ப்புக் கலங்களுக்குள்ளேயே இழுத்துச் செல்லும். கேடு அந்த அரைகுறைப் பிடியில்தான். புனே சீரம் இன்ஸ்டிடியூட் சோதித்துவரும் பிறபொருளெதிரி நான்கு வகைகளையும் முடக்கவென்றே வடிவமைக்கப்பட்டது. வாலை மாற்றி அந்த வழியை அடைக்கவும் ஆய்வுகூடங்களுக்குத் தெரியும். அரைகுறையாக ஒட்டும் பிறபொருளெதிரியையும் இதையும் ஒன்றாக்குவது அநியாயம்.

நண்பர் கேட்டிருக்க வேண்டியது வேறு: ஊசி எப்போது? வைரஸ் இரத்தத்தில் சில நாட்களே இருக்கும்; ஊசிக்கான நேரமும் அதுவே. காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அப்போது காப்பது அளவறிந்து ஏற்றும் சேலைன். 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. இத்தனை பேருக்கு வரும் நோயில், முதல் நாட்களிலேயே பரிசோதனை கிராமத்தை எட்டாவிட்டால் எந்த ஊசியும் பிந்தித்தான் வரும். அந்தப் பரிசோதனைக்காகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.