கடலைக் கண்டும் காணாதவர்

ஞாயிற்றுக்கிழமை. பனி விலகுமுன்னே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் வாயிலில் பேருந்து வந்து நிற்கிறது. பைகளில் மாற்றுடை, அண்டாவில் புளிச்சோறு, ஆசிரியர் கையில் பெயர்ப்பட்டியல். திரைப்பாடல் முழங்க வண்டி புறப்பட்டுப் போர்ட்டிக்சன் சேர்கிறது. தெலுக் கெமாங் கடற்கரையில் நல்ல வெயில். பிள்ளைகள் நீரில் இறங்குகின்றனர்; ஆசிரியர்கள் மரநிழலில் அமர்கின்றனர். நண்பகல் சோறு, பிற்பகல் கடைத்தெரு, மாலையில் வண்டியிலேயே உறக்கம். "கல்விச் சுற்றுலா இனிதே நிறைவுற்றது" என்று பள்ளி அறிக்கையில் ஒரு வரி ஏறுகிறது.

மறுநாள் கட்டுரை வகுப்பு. தலைப்பு, "கடற்கரையில் ஒரு நாள்." நாற்பது பிள்ளைகள், நாற்பது ஏடுகள். நாற்பதிலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புகிறான். நாற்பதிலும் தென்னை தலையசைத்து வரவேற்கிறது. நாற்பதிலும் தந்தையார் மகிழுந்தை ஓட்டிச் செல்கிறார். பேருந்தில் போனவர் யாரும் ஏட்டில் இல்லை. ஜெல்லிமீன் பட்டுக் காலில் தடிப்போடு வந்தவன் ஏட்டில் ஜெல்லிமீனும் இல்லை!

இது பிள்ளையின் குற்றமா? இல்லை. கடலைக் காட்டுமுன் கட்டுரைத் துணைநூலைக் காட்டியவர்களின் குற்றம். தேர்வுக்கு மனப்பாடம் வேண்டுமே என்று முன்பு ஒரு சாக்கு இருந்தது. 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யூ.பி.எஸ்.ஆர். ஒழிக்கப்பட்டது, அந்தச் சாக்கும் அதனோடு போயிற்று. மனப்பாடம் மட்டும் போகவில்லை.

இந்நிலையைக் கண்டு, "அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம், செலவு மிச்சம்" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுடைய மருந்து நோயினும் கொடியது. நெகிரி செம்பிலானில் லிங்சம், சிலியாவ், சுவா பெத்தோங் முதலிய தோட்டங்கள் இருந்த வட்டாரத்திலிருந்து கடல் எட்டிப்பிடிக்கும் தொலைவே. ஆயினும் கடல் யாருக்கு உரியதாக இருந்தது? போர்ட்டிக்சன் கரையோரத்தில் தோட்டக் கம்பெனிகளின் ஓய்வு மாளிகைகள் எழுந்தன. துரைமார் குடும்பத்தோடு அங்கே காற்று வாங்கினர். அந்த மாளிகைகளுக்குப் பொருள் தேடித் தந்த பால்மரக் காட்டுத் தொழிலாளி விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றான். அவனுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரு நாளையும் வீண்செலவு என்று வெட்டுவது எந்த நீதி?

பணம் கட்ட இயலாத பிள்ளையின் நிலையையும் எண்ண வேண்டும். வண்டி போன பிறகு லயத்து வாசலில் நின்று பார்த்த பிள்ளை, மறுநாள் அதே தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும். ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் சுற்றுலாவைக் கல்வி என்று சொல்ல நா எப்படி எழும்? பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்துக்கும் பொன்னாடைக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு முதலில் அந்தப் பிள்ளைக்குச் சேரட்டும்.

"சார், இவனுக்குத் தண்ணியில கண்டம். கடலுக்கு மட்டும் வேணாம்" என்று கைகூப்பும் தாய்மார் உண்டு. அந்த அச்சத்தை நகையாடுதல் தகாது. கடலில் போன உயிர் திரும்புவதில்லை. ஆனால் கண்டத்துக்குப் பரிகாரம் பிள்ளையை வீட்டில் பூட்டுவதன்று, நீந்தக் கற்பிப்பது. நீந்தத் தெரிந்த ஆசிரியர் நீரருகே நிற்பது. மரநிழலில் எல்லா ஆசிரியரும் கூடியிருந்தால், தாயின் அச்சமே நியாயமாகிவிடும்.

இனி, கடற்கரையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர்க்கு விடை. ஒரு காலத்தில் அவ்வூரின் பெயர் ஆராங். மலாய்மொழியில் கரி என்று பொருள். பின்னர்ப் பிரித்தானிய அதிகாரி சர் ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயர் ஏறியது. 1891-இல் சிரம்பானிலிருந்து அங்கே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. முதலில் ஈயம், பின்னர் இரப்பர் என்று உள்நாட்டுச் செல்வம் கடலுக்கு இறங்கிய வழி அது. இன்று அதில் வண்டி ஓடவில்லை. பாட்டன் வெட்டிய பால் எந்த வழியாக உலகுக்குப் போயிற்று என்பதைப் பேரன் அறிய அந்தத் துருப்பிடித்த தண்டவாளத்தைக் காட்டினால் போதும்.

அருகே தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் கரையில் இருந்தும் மலாக்கா மாநிலத்துக்கு உரிய முனை அது. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் வரலாற்றுப் பாடம் தொடங்கிவிடும். 1606-இல் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் அக்கடலில் பொருதினர். குன்றின்மேல் 1863-இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. மார்ச்சுத் திங்களில் தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து அம்முனையில் கரையேறி வடக்கே செல்கின்றன. கடல் கடந்து வந்தவரின் வழித்தோன்றல்களுக்கு இதனினும் நெருக்கமான பாடம் எது? நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் ஏற்றிவந்த ரஜூலா கப்பல் 1973 வரை ஓடியது. அதில் வந்த மூதாட்டி ஒருவர் தோட்டத்தில் இன்னும் இருப்பாரானால், வண்டியின் முதல் இருக்கை அவருக்கு உரியது.

வெளிநாட்டார் ஒரு நாள் உலாவை எப்படி மதிக்கின்றனர்? செருமானியப் பள்ளிகளில் வகுப்பறையை விட்டு வெளியே செல்வதற்கென்றே நாள் ஒதுக்கும் வழக்கம் உண்டு. பெர்லின் நகரத்து வான்சீ ஏரியில் 1907-இல் பொதுமக்களுக்கென நீராடுகரை திறக்கப்பட்டது. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த உழைப்பாளர் குடும்பங்கள் வெயில் நாளில் அங்கே திரண்டன. அதே ஏரியின் மறுகரையில் ஒரு மாளிகை. 1942 ஜனவரி 20-ஆம் நாள் யூத இனத்தை அழிக்கும் திட்டத்தை நாசி அதிகாரிகள் அங்கே கூடிப் பேசினர். 1992 முதல் அது நினைவிடமாக விளங்குகிறது. மாணவர்கள் சென்று கற்கின்றனர். ஒரு கரையில் நீராட்டு, மறுகரையில் வரலாறு. மகிழ்ச்சி பாடத்தைக் கெடுக்கவில்லை. பாடமும் மகிழ்ச்சியைக் கெடுக்கவில்லை.

தமிழ்ப்பள்ளிகள் செய்ய வேண்டியது பெரிதன்று. ஆசிரியர் ஒருவர் முன்னதாகச் சென்று இடம் பார்த்து, கடல் ஏறும் வேளையும் இறங்கும் வேளையும் குறித்து வரட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வினாவோடு வண்டியேறட்டும். காலையில் குன்று, நண்பகலில் சோறு, பிறகு காவலோடு நீராட்டு. மறுநாள் துணைநூலைப் பூட்டிவைத்து, "கண்டதை எழுது" என்று மட்டும் சொல்லட்டும். பிழையோடு எழுதினாலும் தன் கண்ணால் கண்டதை எழுதிய பிள்ளைக்கே முதல் மதிப்பெண் கிடைக்கட்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் நின்ற நிலத்தில் எண்ணெய்ப்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. பிள்ளை வளர்ந்த இடமே அவன் கண்முன் மறைகிறது. அதைத் தன் சொல்லால் சொல்லத் தெரியாதவனாக அவனை வளர்த்தால், நாளை அந்த வாழ்வுக்குச் சான்று கூற யார் இருப்பர்? அடுத்த பேருந்து புறப்படுமுன் இவ்வினாவுக்கு ஆசிரியர்களும் பெற்றோரும் விடை கூறட்டும்.